களத்துமேட்டுக் கணக்கும் வீட்டு வேலைக்கு ஆளும்

1/
இன்னைக்கு மருந்து மாத்திரை பற்றி இல்லை. கொஞ்சம் நம்ம செங்கல்பட்டு வரலாறு, கொஞ்சம் எங்க வீட்டுக் கதை. நீளமான த்ரெட். டீ போட்டு எடுத்துக்கிட்டு வந்து உட்காருங்க.

கேள்வி ரொம்ப சின்னது. மாசம் 6000 ரூபாய் கையில மிச்சம் ஆகுது. அதுக்கு வீட்டுக்கு ஒரே ஒரு உதவிதான் வாங்க முடியும். எந்த உதவியை வாங்கினா நிம்மதி கூடும்?

2/
எங்க வீட்டு நிலவரம் சொல்லிடறேன். நான் அரசு மருத்துவமனை டாக்டர். செங்கல்பட்டுல வீடு. தினமும் திருக்கழுக்குன்றம் வழியா மாமல்லபுரம் பக்கம் போய் வரணும். மனைவி ஸ்டாஃப் நர்ஸ், நைட் டூட்டி மாறி மாறி வரும். பாப்பாவுக்கு 3 வயசு. கூட அம்மா. வயசு 66, சுகர், பிபி, ரெண்டு முழங்காலும் தேய்மானம்.

கொஞ்சம் சம்பளம் கூடினதும் ராத்திரி சாப்பாட்டுல விவாதம் ஆரம்பிச்சது. எனக்கு வண்டி ஓட்ட ஆள் வேணும், போற வழியில தூங்கலாம். மனைவிக்கு சமையலுக்கு ஆள் வேணும். ஒரு வாரம் இதையே பேசினோம்.

பரிமாறிக்கிட்டு இருந்த அம்மாகிட்ட மட்டும் ரெண்டு பேரும் கேட்கவே இல்லை. அதுக்கு கடைசியில வர்றேன்.

3/
முதல்ல இதுக்கு ஆய்வு ஏதாவது இருக்கான்னு பார்த்தேன். இருக்கு.

2017-ல பிஎன்ஏஎஸ் ஆய்விதழில் வந்த கட்டுரை. ஆஷ்லி வில்லன்ஸ், எலிசபெத் டன் உள்ளிட்டோர் எழுதியது. கனடாவின் வான்கூவரில் வேலைக்குப் போகும் 60 பேருக்கு ஒரு வார இறுதியில் 40 டாலர் கொடுத்து "பொருள் வாங்குங்க" என்றார்கள். இன்னொரு வார இறுதியில் அதே 40 டாலர், "உங்க நேரத்தை மிச்சப்படுத்தற எதுக்காவது செலவு பண்ணுங்க".

நேரத்தை வாங்கின நாளில்தான் மக்கள் அதிகம் மகிழ்ச்சியாக இருந்தார்கள்.

4/
இதுல சுவாரசியமான விஷயம் வேற. "40 டாலர் சும்மா கிடைச்சா என்ன பண்ணுவீங்க?"ன்னு தனியா 98 பேரைக் கேட்டிருக்காங்க. நேரத்தை மிச்சப்படுத்த செலவழிப்பேன்னு சொன்னவங்க வெறும் 2 சதவீதம். 800-க்கும் மேற்பட்ட நெதர்லாந்து கோடீஸ்வரர்களையும் கேட்டிருக்காங்க. அதில் ஏறக்குறைய பாதிப் பேர் பிடிக்காத வேலைகளுக்கு ஆள் வைக்க ஒரு பைசாகூட செலவு பண்றதில்லை.

அதாவது பணம் இருந்தாலும் எந்த உதவியை வாங்கறதுன்னு மனுஷனுக்கு சுலபத்தில் தெரியறதில்லை.

ஆனா இந்த ஆய்வு கேட்ட கேள்வி "உனக்கு எது நல்லது?". நம்ம ஊர்ல வீடுன்னா ஒருத்தர் இல்லையே. அங்கதான் எனக்கு நம்ம மாவட்டத்தோட பழைய கணக்கு ஒண்ணு ஞாபகம் வந்தது.

5/
1763-ல ஆற்காடு நவாப் முகமது அலி இன்றைய செங்கல்பட்டு, காஞ்சிபுரம், திருவள்ளூர் பக்கத்துப் பெரும்பகுதியை கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ஜாகீராகக் கொடுத்தார். கையில வந்த சொத்தில் என்னதான் இருக்குன்னு கம்பெனிக்குத் தெரியணும். தாமஸ் பர்னார்ட் என்ற பொறியாளரை அளக்க விட்டாங்க.

1767-லிருந்து 1774 வரை வேலை நடந்தது. சுமார் 2000 ஊர்கள். எத்தனை வீடு, எத்தனை ஏரி, எவ்வளவு நிலம், எவ்வளவு விளைச்சல், யாருக்கு எவ்வளவு பங்கு, எல்லாம் பதிவாச்சு. ஊர்க் கணக்குப்பிள்ளைகள் தமிழில் எழுதின ஓலைகள் தஞ்சாவூர் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் இருக்கு. ஆங்கிலச் சுருக்கம் சென்னை எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் இருக்கு. தரம்பால் என்ற ஆய்வாளர்தான் இதன் அருமையை வெளியே கொண்டு வந்தவர்.

6/
அந்தக் கணக்கில் எனக்குப் பிடிச்ச பகுதி களத்துமேடு.

அறுவடை முடிஞ்சு நெல்லு குவியலா கிடக்கும். சர்க்காருக்கு இவ்வளவு, குடியானவருக்கு இவ்வளவுன்னு பிரிக்கறதுக்கு முன்னாடியே அந்தக் குவியல்லேர்ந்து ஊருக்கு உழைக்கறவங்க பங்கை எடுத்து வச்சிடுவாங்க.

ஏரித் தண்ணியைத் திறந்து பாய்ச்சுறவர், கணக்குப்பிள்ளை, தலையாரி, தச்சர், கொல்லர், குயவர், வண்ணார், நாவிதர், பஞ்சாங்கம் சொல்றவர், வைத்தியர், வாத்தியார், கோயில். ஊருக்கு ஊர் பட்டியல் மாறும். எல்லாம் சேர்த்தா மொத்த விளைச்சலில் கால் பங்குக்கும் மேல போயிருக்குன்னு இதை ஆராய்ந்தவர்கள் கணக்கு சொல்றாங்க. சிலருக்கு இது போக மானிய நிலமும் உண்டு.

7/
நாவிதர் பங்குன்னா முடி வெட்டறதுக்கு மட்டும்னு நினைச்சிடாதீங்க. கட்டி கீறறது, காயத்துக்குக் கட்டுப் போடறது எல்லாம் அந்தக் குடும்பத்து வேலை. அந்த வீட்டுப் பெண்கள்தான் ஊருக்கு மருத்துவச்சி. பிரசவம் பார்த்தது அவங்க.

இதை இன்னைக்கு பாஷையில சொன்னா, ஒரு குடும்பம் தனியா சம்பளம் கொடுத்து வச்சிக்க முடியாத ஆளை ஊரே சேர்ந்து வச்சிருந்தது. கொல்லருக்கு உலை, குயவருக்கு சக்கரம், பிரசவத்துக்கு மருத்துவச்சி. எந்த வீட்டுக்கு எப்போ தேவைப்படும்னு யாருக்கும் தெரியாது. அதனால பங்கு எல்லார் நெல்லிலிருந்தும் போச்சு.

அந்த ஊர்கள் கேட்ட கேள்வி என்னன்னு நான் புரிஞ்சிக்கிட்டது இதுதான்: "யார் வரலைன்னா ஊர் நின்னுடும்?"

நல்ல கேள்விதான். நம்ம வீட்டுக்கும் கேட்டுப் பார்க்கலாம்.

8/
ஆனா இதைப் படிச்சிட்டு "ஆஹா, பொற்காலம்"னு கிளம்பிடக் கூடாது. அதனாலதான் இந்த த்ரெட்டே.

ஒண்ணு, யார் எந்த வேலைன்னு முடிவு பண்ணது திறமை இல்லை, பிறப்பு. வண்ணார் வீட்டுப் பையன் கணக்குப்பிள்ளை ஆக முடியாது.

ரெண்டு, அந்தக் களத்துமேட்டுக் கணக்கில் ரெண்டு பேரைத் தேடிப் பாருங்க. ஒருத்தர் இருக்கவே மாட்டார். இன்னொருத்தர் இருப்பார், ஆனா விட்டுப் போக முடியாது.

9/
இல்லாதவர் வீட்டுப் பெண்.

நெல்லு குவியலா வந்ததும் சோறு ஆயிடாது. அவிக்கணும், காய வைக்கணும், உரல்ல குத்தணும், புடைக்கணும். தண்ணி தூக்கணும், விறகு கொண்டு வரணும், சாணி தட்டணும். ஊருக்குத் துணி வெளுத்தா பங்கு உண்டு. வீட்டுக்கு நெல்லு குத்தினா பங்கு கிடையாது. அந்த வேலைக்குக் கூலியே இல்லை. கூலி இல்லாததால கணக்கில் பேரும் இல்லை.

இது பழைய கதைன்னு நினைச்சா, மத்திய அரசின் 2024 நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பைப் பாருங்க. கூலியில்லாத வீட்டு வேலை செய்யறவங்களை எடுத்துக்கிட்டா, பெண்கள் ஒரு நாளைக்கு 289 நிமிஷம். ஆண்கள் 88 நிமிஷம். கிட்டத்தட்ட அஞ்சு மணி நேரம் எங்க, ஒன்றரை மணி நேரம் எங்க!

10/
விட்டுப் போக முடியாதவர் படியாள்.

உழுதது, நட்டது, அறுத்தது, அடிச்சது எல்லாம் பெரும்பாலும் அவர் குடும்பம். களத்தில் அவருக்கும் நெல்லு உண்டு. படியால அளந்து வாங்கறதால படியாள். ஆனா மிராசுதாரை விட்டு வேற இடத்துக்குப் போறேன்னு அவரால சொல்ல முடியாது. குடியிருக்கற மனைகூட மிராசுதார் கையில.

களத்துப் பங்குகளுக்கு அந்தக் காலத்துல ரெண்டு பேர் உண்டு. ஒண்ணு 'மேரை'. இன்னொண்ணு 'சுதந்திரம்'. ஆமா, அதே சொல்தான். பங்குக்குப் பேரு சுதந்திரம். அந்த நெல்லை விளைவிச்சவருக்கு அது இல்லை.

11/
மதுராந்தகம் ஏரி காத்த ராமர் கதை நமக்கெல்லாம் தெரியும். அதுல வர்ற கலெக்டர் லயோனல் பிளேஸ் நிஜ மனிதர். 1794 முதல் 1798 வரை இந்த ஜாகீரின் கலெக்டர். மிராசு முறையைப் பற்றி நீளமான அறிக்கை எழுதினவர். அந்த முறையை உடைக்க அவருக்கு அப்புறமும் யாரும் அவசரப்படலை. 1843-ல அடிமை முறையை சட்டம் அங்கீகரிக்காதுன்னு ஆச்சு. காகிதத்தில் முடிஞ்சது. ஊருக்குள்ள முடியலை.

எப்படி நீடிச்சது தெரியுமா? முன்பணம்.

12/
1891-ல செங்கல்பட்டு கலெக்டரா இருந்த ட்ரெமென்ஹீர் இம்மாவட்டத்துப் பறையர் மக்களின் நிலை பற்றி ஒரு குறிப்பு எழுதினார். கல்யாணத்துக்கோ வேற செலவுக்கோ சின்னத் தொகை கடன். அதுக்கு ஒரு பத்திரம். கடன் தீர்ற வரைக்கும் உழைப்பு. கடன் தீராது. அப்பனுக்கு அப்புறம் மகன்.

தரிசு நிலத்துக்கு மனு போட்டா மிராசுதார் ஆட்சேபிக்கலாம். மனு போட்டவர் மனையை விட்டு வெளியேத்தப்படலாம். இதையெல்லாம் அவர் எழுதி வச்சார்.

அந்தக் குறிப்பைத் தொடர்ந்து 1892-ல வந்த அரசாணையிலிருந்துதான் ஒடுக்கப்பட்டோருக்கு ஒதுக்கின நிலங்களின் கதை ஆரம்பிக்குது. நாம இன்னைக்கு பஞ்சமி நிலம்னு சொல்றது அதைத்தான். அந்த நிலத்தை மீட்கக் கேட்டு நம்ம பக்கத்துக் காரணை கிராமத்துக்காக நடந்த போராட்டத்தில் 1994 அக்டோபர் 10 அன்னைக்கு ஜான் தாமஸ், ஏழுமலை ரெண்டு பேர் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் உயிரிழந்தாங்க. அவ்வளவு நீளமான நிழல் அது.

13/
கடற்கரைப் பக்கமும் இதே கதை வேற உருவத்தில் இருக்கு.

டூட்டி முடிச்சு சில நாள் கல்பாக்கம் பக்கத்துல சதுரங்கப்பட்டினம் போவேன். டச்சுக் கோட்டை, உள்ளே அழகா செதுக்கின கல்லறைகள். அங்க வாழ்ந்தவர்கள் வசதியா வாழ்ந்திருக்காங்கன்னு பார்த்தாலே தெரியும்.

17-ஆம் நூற்றாண்டுப் பஞ்சங்களில் இந்த சோழமண்டலக் கரையிலிருந்து டச்சுக் கம்பெனி ஆயிரக்கணக்கான மனுஷங்களை விலைக்கு வாங்கி இலங்கைக்கும் பத்தாவியாவுக்கும், அதாவது இன்றைய ஜகார்த்தாவுக்கும் கப்பலேத்துச்சு. பழவேற்காடு அதில் முக்கியமான துறைமுகம். போனவர்களில் பலர் அங்கே வீட்டு வேலைக்கு. யாரோ ஒரு குடும்பத்தின் நிம்மதிக்கு வாங்கின உதவி அது.

14/
அப்புறம் வெள்ளைக்காரர் காலம். 'ஆயா'ங்கற சொல்லே போர்த்துகீசிய மொழியிலிருந்து வந்தது. கப்பல் பயணத்தில் குழந்தையைப் பார்த்துக்க ஆயாவைக் கூட்டிக்கிட்டு இங்கிலாந்து போவாங்க. போய் இறங்கினதும் வேலை முடிஞ்சது. திரும்பி வர டிக்கெட் காசு கொடுக்காம சிலரை அப்படியே விட்டுட்டாங்க. அப்படி நின்ன பெண்களுக்காக லண்டன் ஹாக்னியில் ஆயாக்கள் இல்லம் ஒண்ணு இயங்கியது. 2022-ல அந்தக் கட்டடத்துக்கு நினைவுப் பலகை வச்சிருக்காங்க.

நம்ம ஆஸ்பத்திரியில், பால்வாடியில் இன்னைக்கும் 'ஆயாம்மா'ன்னு கூப்பிடறோம். அந்தச் சொல் எத்தனை கடல் தாண்டி வந்திருக்குன்னு யோசிச்சதில்லை.

15/
சரி, நம்ம காலத்துக்கு வருவோம். போன வருஷம் ஓபியில் ஒரு அக்கா. கிழக்குக் கடற்கரைச் சாலைப் பக்கம் நாலு வீட்டுல வேலை. சோப்புத் தண்ணியில ரெண்டு கையும் வெடிச்சு, ஒரு விரல் சீழ் பிடிச்சு வீங்கியிருந்தது. சுகர் 340.

"அட்மிஷன் ஆகணும்க்கா, ஊசி மூலமா மருந்து போகணும். அஞ்சு நாள் தண்ணியில கை வைக்கக் கூடாது."

"அஞ்சு நாளா? ரெண்டு நாளுக்கு மேல போனா வேற ஆளு போட்டுருவாங்க சார். ஒரு வீட்டுல அட்வான்ஸ் வேற வாங்கிட்டு கீறேன். மாத்திரை குடு, போறேன்."

எவ்வளவு சொல்லியும் கேட்கலை. எட்டு நாள் கழிச்சு வந்தாங்க. விரல் நுனியை எடுக்க வேண்டியதாச்சு.

அந்த நாலு வீட்டுக்காரங்களும் கெட்டவங்களா இருக்கணும்னு அவசியமே இல்லை. நம்ம மாதிரி ஆளுங்கதான். அவங்களுக்கு நிம்மதி தேவைப்பட்டது, வாங்கினாங்க. அந்த நிம்மதியோட மிச்சச் செலவு இந்த அக்கா விரல்ல எழுதப்பட்டிருந்தது.

16/
எங்க வீட்டுக்கு ஆள் தேடறோம்னு தெரிஞ்சதும் தெரிஞ்சவர் ஒருத்தர் நல்ல மனசோட அறிவுரை சொன்னார்.

"டாக்டர், முதல்ல ஒரு பத்தாயிரம் அட்வான்ஸ் குடுத்துடுங்க. அப்புறம் எங்கேயும் போகமாட்டாங்க."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. 1891 குறிப்பைப் படிச்சிட்டு இருந்த வாரம் அது. கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் 1976-ல வந்துடுச்சு. அதுக்கு அப்புறமும் நம்ம பக்கத்து அரிசி ஆலைகளிலிருந்து இருளர் குடும்பங்களை மீட்டிருக்காங்க. அங்கேயும் ஆரம்பம் முன்பணம்தான்.

அவசரத்துக்குக் கடன் கொடுக்கறது உதவி. போகாம இருக்கக் கடன் கொடுக்கறது கயிறு. தொகை ஒண்ணா இருக்கலாம், நோக்கம் வேற.

17/
இப்போ அம்மா.

ஒரு ராத்திரி ரெண்டரை மணி. மனைவி நைட் டூட்டி. பாப்பா அழுதது, நான் புரண்டு படுத்தேன். கொஞ்ச நேரத்துல அடுக்களையில் ஏதோ விழுற சத்தம். பால் காய்ச்சப் போன அம்மா தலை சுத்தி மேடையைப் பிடிச்சிட்டு நிக்கறாங்க. பிபி 190/100.

மாத்திரை போடறீங்களான்னு கேட்டேன். "ராத்திரி மாத்திரை போட்டா அசந்து தூங்கிடுறேன்பா. பாப்பா அழுதா கேக்க மாட்டேங்குது. அதான் நிறுத்திட்டேன்."

ஊருக்கே பிபி மாத்திரையை நிறுத்தாதீங்கன்னு சொல்ற டாக்டர் வீட்டுல நடந்தது இது.

18/
மறுநாள் உட்கார வச்சுக் கேட்டேன். "அம்மா, உங்களுக்கு எந்த வேலைக்கு ஆள் வேணும்?"

"சமையலுக்கு வேணாம். அது எனக்குப் பிடிக்கும். அதையும் எடுத்துட்டா நான் என்ன பண்றது? குனிஞ்சு பாத்திரம் தேய்க்கறதும் தரை துடைக்கறதும்தான் முட்டி உயிர் போவுது. அப்புறம் ராத்திரி எழுந்திருக்கறது."

ஒரு வாரமா நாங்க பேசின டிரைவரும் இல்லை, சமையல் ஆளும் இல்லை. பதில் எங்க எதிர்லயே தட்டை எடுத்துக்கிட்டு நின்னது.

களத்துமேட்டுக் கணக்கு எழுதினவரைக் குறை சொன்னேன்ல? அவர் விட்ட அதே பேரை நானும் விட்டிருந்தேன்.

19/
என்ன முடிவு பண்ணோம்?

பாத்திரம், பெருக்கி துடைக்க ஒரு அக்கா வர்றாங்க. காலை ரெண்டு மணி நேரம், 5000 ரூபாய். ஞாயித்துக்கிழமை லீவு. உடம்பு சரியில்லைன்னா சம்பளம் பிடிக்கறதில்லை. தீபாவளிக்கு ஒரு மாசச் சம்பளம். கைக்கு உறை வாங்கி வச்சிருக்கோம். முதல் மாசமே சுகரும் பிபியும் பார்த்தாச்சு.

ராத்திரி பாப்பாவுக்கு எழுந்திருக்க ஆள் தேடலை. அது என் வேலை. மனைவி நைட் டூட்டி போற நாள்ல பாப்பா என் பக்கத்துல படுக்குது. கார்ல தூங்கற கனவு அவ்வளவுதான். பரவாயில்லை.

அம்மா இப்போ மாத்திரை போட்டுட்டுத் தூங்கறாங்க. போன வாரம் பிபி 136/84.

20/
பாத்திரம் தேய்க்க ஆள் வச்சதுக்கு இவ்வளவு வரலாறான்னு கேட்கலாம். இருக்கட்டும். ஆள் வைக்கறதுக்கு முன்னாடி இந்த நாலு கேள்வியை வீட்டுல எல்லாரையும் உட்கார வச்சுக் கேளுங்க.

ஒண்ணு: எந்த வேலை நின்னா வீடே நின்னுடும்?

ரெண்டு: அந்த வேலையால யார் உடம்பு தேயுது? அவங்ககிட்டயே கேளுங்க. அவங்களுக்காக நீங்க பதில் சொல்லாதீங்க.

மூணு: அதுல எந்தப் பகுதியை அவங்க விரும்பிச் செய்யறாங்க? அதைப் பிடுங்காதீங்க. எந்தப் பகுதி காசு கொடுத்து ஆள் வைக்கறது இல்லாம, நீங்களே எழுந்து செய்ய வேண்டியது?

நாலு: வேலைக்கு வர்றவங்க "இன்னைக்கு முடியலை", "இனிமே வரலை"ன்னு பயமில்லாம சொல்ல முடியுமா?

21/
நாலாவது கேள்விதான் இந்த மண்ணு இருநூத்தம்பது வருஷமா தவறவிட்டது. 2007-ல தமிழ்நாட்டில் வீட்டுப் பணியாளர்களுக்குத் தனி நலவாரியம் வந்தது. வேலைக்கு வர்ற அக்காவைப் பதிவு பண்ண உதவுங்க. 2011-ல சர்வதேச தொழிலாளர் அமைப்பின் 189-ஆவது உடன்படிக்கை வாரத்துக்குத் தொடர்ச்சியா 24 மணி நேரம் ஓய்வுன்னு சொன்னது. இந்தியா ஆதரிச்சு ஓட்டுப் போட்டது, ஆனா இன்னும் ஏற்று உறுதி செய்யலை. அதுக்காக நாம காத்திருக்கத் தேவையில்லை. ஞாயித்துக்கிழமை லீவு கொடுக்க டெல்லி அனுமதி வேண்டியதில்லை.

22/
கடைசியா ஒண்ணு. களத்துமேட்டில் ஊரே சேர்ந்து மருத்துவச்சிக்குப் பங்கு வச்சதே, அந்த நல்ல பழக்கம் செத்துப் போகலை. இன்னைக்கு அது நம்ம வரிப் பணம். துணை சுகாதார நிலையத்துல இருக்கற கிராம சுகாதார செவிலியர், ராத்திரி பிரசவம் பார்க்கற ஆரம்ப சுகாதார நிலைய ஸ்டாஃப் நர்ஸ், 108 ஓட்டற அண்ணன், எல்லாரும் அந்தப் பங்குதான். தமிழ்நாட்டில் 100-க்கு 99 பிரசவத்துக்கு மேல ஆஸ்பத்திரியில் நடக்குதுன்னா இவங்கதான் காரணம். இந்த முறை பிறப்பு பார்த்து வேலை கொடுக்கறதில்லை. அவங்க லீவும் போடலாம்.

இன்னைக்கு ராத்திரி சாப்பிட உட்காரும்போது பரிமாறறவங்களை முதல்ல உட்காரச் சொல்லிட்டு, முதல் கேள்வியை அவங்ககிட்ட கேளுங்க.

பிபி மாத்திரையை நிறுத்தாதீங்க.